கதவைத் தூக்கிச் சாத்துகிறீர்களா?

மாணவர்களே, மலைத் தோட்டங்களில் ஓடும் பழைய ஃபோர்வீல் வண்டியில் ஏறியிருக்கிறீர்களா? கேமரன் மலையில் காய்கறி பயிரிடும் என் மாமாவிடம் அப்படி ஒரு வண்டி உண்டு. கடந்த விடுமுறையில் அதில் ஏறிக் கதவை இழுத்தேன். பூட்டவில்லை. “தூக்கிச் சாத்துப்பா, அப்பதான் பூட்டும்” என்றார் மாமா. கதவு தொங்குவது அவருக்குப் பழகிப் போயிருந்தது.

அப்படிப் பழகிக்கொள்வது தவறு என்பது என் கருத்து. அதற்காகக் கீல் முழுவதையும் மாற்றுவதும் பெரும்பாலும் வீண் செலவு. தேய்ந்த பாகம் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றுவதே அறிவியல் முறை.

கீலின் நடுவில் ஓர் எஃகுப் பின் இருக்கும். அதைச் சுற்றி வெண்கலத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சிறு குழாய் இருக்கும். பட்டறையில் இதைப் ‘புஷ்’ என்பார்கள். பின்னைவிடப் புஷ் மென்மையானது. உராய்வில் அது முதலில் தேய்ந்து, விலை உயர்ந்த கீலைக் காப்பாற்றுகிறது. தேய வேண்டும் என்றே செய்யப்பட்ட பாகம் அது. தோட்டப் பாதையின் மண்ணும் மணலும் உள்ளே புகுந்தால் மணல்தாள் போல அதை இன்னும் வேகமாகத் தேய்க்கும்.

இப்போது ஒரு கணக்கு. கதவின் நிறை 20 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 200 நியூட்டன். ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 0.5 மீட்டர் தொலைவில் இருந்தால், திருப்புத்திறன் 200 × 0.5 = 100 நியூட்டன் மீட்டர். இரு கீல்களுக்கும் இடைவெளி 0.4 மீட்டர் என்றால், மேல் கீல் 250 நியூட்டன் விசையால் வெளியே இழுக்கப்படுகிறது. கீழ்க் கீல் அதே விசையால் உள்ளே அழுத்தப்படுகிறது. அதனால்தான் புஷ் ஒரே பக்கமாகத் தேய்கிறது.

கீலில் 1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே, 1 மீட்டர் அகலமுள்ள அந்தக் கதவின் பூட்டு முனை 2.5 மில்லிமீட்டர் இறங்கிவிடும். 50 கிலோ உள்ள ஒருவர் திறந்த கதவின் முனையில் தொங்கி வண்டியில் ஏறினால், கூடுதலாக 500 நியூட்டன் மீட்டர். கதவு தானாகத் தரும் சுமையைப் போல ஐந்து மடங்கு! இனிமேல் கதவைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

மாமா முன்பு ஒரு பட்டறைக்குப் போனபோது, பூட்டு மாட்டும் கொக்கியைச் சற்றுக் கீழே இறக்கிக் கொடுத்தார்களாம். சில மாதங்களில் கதவு மறுபடியும் இறங்கிவிட்டது. காரணத்தை விட்டுவிட்டு அறிகுறியைச் சரிசெய்தால் அப்படித்தான் ஆகும். கதவு அரைகுறையாகப் பூட்டிய வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும்போது, அதில் சாய்ந்திருக்கும் உங்கள் தம்பியை நினைத்துப் பாருங்கள்.

நாங்கள் கதவைப் பாதி திறந்து, முனையை மெல்ல மேலே தூக்கிப் பார்த்தோம். கீலும் வண்டியின் உடலும் சேரும் இடத்தில் அசைந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். எங்களுக்குப் பின் இருக்கும் இடத்தில் அசைந்தது. ஆகவே கோளாறு பின்னிலோ புஷ்ஷிலோதான். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் கதவுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, பின்னைக் கழற்றினார். புஷ்ஷின் ஒரு பக்கம் தாள்போல் மெலிந்திருந்தது. புதிய பின்னும் புஷ்ஷும் போட்டுக் கிரீஸ் தடவினார். கதவை இப்போது ஒரே விரலால் சாத்தலாம்.

எல்லாக் கீலையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. கீலில் விரிசல் விழுந்தாலோ, துருப்பிடித்து மெலிந்தாலோ, பின் நுழையும் துளையே நீள்வட்டமாகிவிட்டாலோ முழுக் கீலையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்று வீட்டில் தொங்கும் அலமாரிக் கதவு ஒன்றைத் தேடுங்கள். மெல்லத் தூக்கி, எங்கே அசைகிறது என்று பாருங்கள். கண்டுபிடித்ததை அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லி, சேர்ந்து சரிசெய்யுங்கள். திருப்புத்திறன் பாடம் அதன்பின் மறக்காது.