காசு கொடுத்து வாங்கிய 'ஸ்மார்ட்' பொருள் யாருடையது? ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர் சொல்லும் பதில்

2016 மே 15. அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற ஸ்மார்ட் ஹோம் கருவியை வாங்கியவர்களுக்கு அதுதான் கடைசி நாள். வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றை ஒரே ஆப்பில் இணைக்கும் அந்தக் கருவியின் விலை சுமார் 300 டாலர். அதில் எந்தக் கோளாறும் இல்லை. ரிவால்வ் நிறுவனத்தை 2014-ல் வாங்கிய, கூகுள் குழுமத்தின் நெஸ்ட், அதன் சேவையை நிறுத்த முடிவு செய்தது. சர்வர் நின்றதும் ஆப் நின்றது. ஆப் நின்றதும் கருவி வெறும் பிளாஸ்டிக் டப்பா ஆனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இழப்பீடு பற்றிப் பேச்சே வந்தது.

காசு கொடுத்து வாங்கியாச்சு, வீட்டில்தான் இருக்கு. ஆனால் சாவி வேறு யாரிடமோ! ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் கேமரா என்று வீடு நிரம்பும் காலத்தில் இது எல்லோருக்குமான பிரச்னை. இதற்கான பதில் பல ஆண்டுகளாகவே மேசைமேல் இருக்கிறது. அதன் பெயர் ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர்.

அது என்ன ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர்?

ஒரு ஸ்மார்ட் பொருளைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் மூன்று வேலைகள்தான் நடக்கும். வெப்பம், வெளிச்சம், தூசு என எதையாவது உணரும் ஒரு சென்சார். அது சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதாவது மைக்ரோகன்ட்ரோலர். முடிவைச் செயல்படுத்தும் ஒரு மோட்டார், விளக்கு அல்லது வைஃபை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சுற்றின் வரைபடத்தையும் உள்ளே ஓடும் புரோகிராமையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், தயாரித்து விற்கலாம் என்று வெளியிட்டுவிட்டால் அது ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர். இதில் உலகப் புகழ் பெற்றது ஆர்டுயினோ. அதன் பிரபலமான 'யூனோ' போர்டின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், தற்காலிக நினைவகம் வெறும் 2 கிலோபைட். கையில் இருக்கும் போனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் மண் காய்ந்ததும் மோட்டாரைப் போட இது தாராளமாகப் போதும்.

மூடவிருந்த கல்லூரி, திறந்துவிட்ட வரைபடம்

ஆர்டுயினோ பிறந்தது இத்தாலியின் இவ்ரேயா நகரில், 2005-ல். அங்கே இருந்த இன்டராக்‌ஷன் டிசைன் கல்லூரியில் படித்தவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர்கள் இல்லை, டிசைனர்கள். அவர்களுக்குக் கிடைத்த போர்டுகளோ விலை அதிகம். அதே கல்லூரி மாணவர் எர்னாண்டோ பராகான் 2003-ல் தன் ஆய்வுக்காக 'வயரிங்' என்ற எளிய தளத்தை உருவாக்கினார். அதன்மேல் கட்டப்பட்டதுதான் ஆர்டுயினோ. ஒரு பீட்சா கடையில் இரவுச் சாப்பாடு சாப்பிடும் செலவுக்குள், அதாவது சுமார் 30 டாலருக்கு, போர்டு கிடைக்க வேண்டும் என்பது மாசிமோ பான்சி குழுவின் இலக்கு.

அப்போது அந்தக் கல்லூரி மூடப்படும் நிலையில் இருந்தது. கல்லூரியோடு சேர்ந்து தங்கள் வேலையும் காணாமல் போய்விடக் கூடாது என்று குழு வரைபடத்தைத் திறந்துவிட்டது. ரிவால்வ் கதையை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி இல்லையா? கல்லூரி போனது, போர்டு பிழைத்தது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இவ்வகை போர்டுகளில் பல, வேறு நிறுவனங்கள் அந்த வரைபடத்தை வைத்துச் செய்தவை. அதற்கு அனுமதி உண்டு. ஆர்டுயினோ என்ற பெயரையும் லோகோவையும் போடத்தான் கூடாது.

இரண்டு குழாய்த் துண்டுகள் அளந்த காற்று

திறந்த ஹார்டுவேர் சும்மா ஹாபி விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டைப் பார்க்கலாம். மலைகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கும் கார் தொழில் நகரம் அது. காற்று மாசு நீண்ட காலப் பிரச்னை. ஆனால் அரசின் அளவீட்டு நிலையங்கள் சில இடங்களில்தான். 'எங்க தெருவுல எவ்வளவு?' என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை.

2015-ல் அங்கிருந்த தன்னார்வலர்கள் தாங்களே ஒரு கருவியை வடிவமைத்தார்கள். வைஃபை வசதியுள்ள மலிவான ஒரு போர்டு, ஒரு தூசு சென்சார், ஈரப்பதம் அளக்க இன்னொரு சென்சார். மழையில் நனையாமல் இருக்க, பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாயின் இரண்டு வளைவுத் துண்டுகள். சின்ன ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும். லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலை வைத்து அளவு கணக்கிடப்பட்டு, சுமார் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இணைய வரைபடத்தில் பதிவாகும்.

பால்கனிகளில் தொடங்கிய அந்த முயற்சி இன்று 'சென்சார் கம்யூனிட்டி' என்ற பெயரில் பல நாடுகளில் இயங்குகிறது. இந்தக் கருவிக்குக் குறையும் உண்டு. மூடுபனி நேரத்தில் நீர்த்துளியையும் தூசு என்று எண்ணிவிடும். அரசு நிலையத்தின் துல்லியம் இதற்குக் கிடையாது. ஆனால் இந்தக் குறையைச் சரிபார்க்க முடிவதற்கே காரணம், எந்த சென்சார், எந்தக் கணக்கு என்பதெல்லாம் திறந்து கிடப்பதுதான்.

'புரோட்டோடைப் ஓகே, பாதுகாப்பு?'

நியாயமான கேள்விதான். ப்ரெட்போர்டில் வயர் செருகிச் செய்த மாதிரியை அப்படியே கடையில் விற்க முடியாது. மின் பாதுகாப்பு, பேட்டரி, வெயில், மழை என்று பல தேர்வுகள் பாக்கி இருக்கும்.

ஆனால் 'திறந்தால் ஆபத்து, மூடினால் பத்திரம்' என்ற வாதம் நிற்காது. 2016 அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை முடக்கிய தாக்குதலுக்கு 'மிராய்' என்ற மால்வேர் பயன்படுத்தியது, கடையில் வாங்கிய கேமராக்களையும் ரெக்கார்டர்களையும்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டே அவற்றின் ஓட்டை. மூடிய டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு பயம், திறந்த திட்டத்தையே பெரிய நிறுவனம் வாங்கிவிட்டால்? அதுவும் நடக்கிறது. ஆர்டுயினோவை வாங்கப்போவதாக 2025 அக்டோபரில் குவால்காம் அறிவித்தது. அடுத்த மாதமே புதிய பயன்பாட்டு விதிகள் சர்ச்சையாகின. கட்டுப்பாடு கிளவுட் சேவைக்குத்தான், போர்டுகள் திறந்தே இருக்கும் என்று ஆர்டுயினோ விளக்கம் தந்தது. இனி வரும் போர்டுகள் எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்திருந்து பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே திறந்த உரிமத்தில் வெளிவந்த வரைபடங்களை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது.

என்ன கேட்க வேண்டும்?

எல்லோரும் சால்டரிங் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இன்டர்நெட் இல்லாமல் இது வேலை செய்யுமா? உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை மாற்ற முடியுமா? கம்பெனி மூடினால் என்ன ஆகும்?

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. சேவையை நிறுத்தும் நிறுவனம், அந்தப் பொருளின் மென்பொருளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவர வேண்டும். அது நடக்காத காரியமும் இல்லை. 2016-ல் மூடப்பட்ட 'பெபிள்' ஸ்மார்ட்வாட்ச்சின் மென்பொருளில் பெரும்பகுதியை 2025 ஜனவரியில் கூகுள் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. அதை வைத்துப் புதிய வாட்ச்சுகளைச் செய்யும் வேலையில் பெபிளின் நிறுவனரே மறுபடி இறங்கினார்.

ரிவால்வும் பெபிளும் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரே குழுமத்திடம். ஒன்று குப்பைக்குப் போனது, இன்னொன்றுக்கு மறுபடி உயிர் வந்தது. எது எப்படி ஆக வேண்டும் என்பதை நிறுவனத்தின் மனசுக்கு விட்டுவிடக் கூடாது. காசு கொடுத்தவர் கையில் சாவியும் இருக்க வேண்டும்.