பகடை போட்ட பாதை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

சென்ற பருவத்தில் விடுதி நண்பர்கள் நால்வர் தம் விளையாட்டில் என்னையும் சேர்த்துக்கொண்டனர். ஒருவன் கதை நடத்துவான். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்று அக்கதைக்குள் நடக்க வேண்டும். விளையாட்டுத்தானே என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது மனத்தில் ஒரு வினா இருந்தது.

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, அறிவு, விவேகம், லாவகம், உடலுறுதி, கவர்ச்சி என ஆறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். கணித மாணவன் சும்மா இருப்பானா? பகடைகள் விழும் வகைகள் 216. அவற்றுள் உச்சமான 18 வருவது ஒரே வகையில். 9 முதல் 12 வரை வருவது 104 வகைகளில். இதில் எனக்குக் குறையில்லை. பிறப்பை யார் கேட்டு வாங்கினார்?

குறை அடுத்த விதியில்தான். வீரனுக்கு வலிமை, மந்திரவாதிக்கு அறிவு என்று தொழிலுக்குரிய பண்பு ஒன்று உண்டு. அதில் 15க்குக் குறையாமல் பெற்றவனுக்கு அனுபவப் புள்ளிகள் நூற்றுக்குப் பத்து கூடுதல். 6க்கு மேற்படாதவனுக்கு நூற்றுக்கு இருபது குறைவு! ஒரே குகை, ஒரே போர், ஆனால் கூலி வேறு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இவ்விதி இல்லை என்பது ஆறுதல்.

1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' வேறு வழி கண்டது. அங்கும் பிறவிப் பண்புகளைப் பகடைதான் தருகிறது. ஆனால் ஒரு திறனை ஆட்டத்தில் வெற்றியுடன் பயன்படுத்தியவனுக்கு அது வளரும் வாய்ப்பு. நூற்றுக்கு 30 உள்ளவனுக்கு அவ்வாய்ப்பு ஏறத்தாழ 70. 80 உள்ளவனுக்கு ஏறத்தாழ 20. குறைவாகத் தெரிந்தவனே விரைவாக வளர்கிறான்!

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பருவத்தில் என் ஆங்கிலத்துக்கு நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது. இன்று பாடநூலை அகராதியின்றிப் படிக்கிறேன். ஆகவே இரண்டாவது விதியே உண்மைக்கு அருகில் என்பேன்.

ஆனால் பயன்படுத்தாத திறன் அங்கும் அனுபவத்தால் வளராது. வகுப்பில் கருத்தரங்கு என்றால் நன்றாகப் பேசுபவனையே எழுப்புகிறோம். பேசாதவன் பேசாமலே பட்டம் பெறுகிறான். ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை கடைசிப் பெஞ்சுக்காரனையும் மேடைக்கு அழையுங்கள். அவன் தடுமாறட்டும், தடுமாறியே வளரட்டும்!