யாருக்கு இந்த வீட்டு மானியம்?

“2022க்குள் அனைவருக்கும் வீடு” என்று 2015ம் ஆண்டில் மத்திய சர்க்கார் பறைசாற்றியது. 2022 வந்தது, போயிற்று. குடிசைகள் மட்டும் போகவில்லை. 2024ல் கிராமத்துக்கும் நகரத்துக்கும் மேலும் ஐந்தாண்டுத் திட்டம் அறிவித்தார்கள். கெடு தவறியது ஒருபுறமிருக்கட்டும். முதன்முதலாக வீடு காணும் குடும்பத்துக்கென்று ஒதுக்கும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதே நம் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். சமவெளிக் கிராமத்தில் வீடற்ற ஏழைக்கு இத்திட்டம் அளிப்பது 1,20,000 ரூபாய். இதில் மத்திய சர்க்காரின் பங்கு 60 சதவிகிதம், அதாவது 72,000 ரூபாய். அதே சர்க்கார், ஆண்டுக்கு 12 லட்சம் முதல் 18 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பம் வங்கிக் கடனில் வீடு வாங்கியபோது, 2017 முதல் 2021 வரை, வட்டி மானியமாகச் சுமார் 2,30,000 ரூபாய் வரை கொடுத்தது. கூலிக்காரனுக்குக் கொடுத்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல்!

2024ம் ஆண்டுத் திட்டத்தில் வருமான வரம்பை 9 லட்சமாகவும், வட்டி மானியத்தை அதிகபட்சம் 1,80,000 ரூபாயாகவும் குறைத்திருக்கிறார்கள். நல்லதே. மாதச் சம்பளக்காரர் சொந்த வீடு காண்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வட்டி மானியம் பெற முதலில் வங்கி கடன் தர வேண்டும். நாற்று நடும் பெண்ணுக்கும், சித்தாளுக்கும், கைவண்டித் தொழிலாளிக்கும் எந்த வங்கி வீட்டுக்கடன் தருகிறது?

கிராமத்துக்கான 1,20,000 ரூபாய் 2016ல் நிர்ணயித்த தொகை. சிமெண்ட், கம்பி, மணல், கொத்தனார் கூலி எல்லாம் ஏறிவிட்டன. 2024ல் திட்டத்தை நீட்டித்தபோதும் தொகை ஏறவில்லை. சிமெண்டுக்கு 2017 முதல் 2025 செப்டம்பர் வரை 28 சதவிகித வரி. இப்போதுதான் 18 சதவிகிதம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த கதை இது. வேலை ஒரு கட்டத்தை எட்டினால்தான் அடுத்த தவணை என்பதால், இடையில் ஏழை கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான்.

தமிழ்நாடு சர்க்கார் 2024ல் அறிவித்த கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்றது. இது மேலானதுதான். கேரளத்தில் 2016ல் தொடங்கிய லைஃப் திட்டம் 4 லட்சம் ரூபாய் அளித்ததோடு, வீடில்லாதவரை மட்டுமன்றி மனையே இல்லாதவரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பிரச்னையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. மனையில்லாதவன் மானியத்தை எங்கே கொண்டுபோய்க் கட்டுவான்? புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் தலைமுறைகளாக வாழ்பவரிடம் “பட்டா எங்கே?” என்று கேட்டால் திட்டம் அங்கேயே முடிந்தது. நிலச்சுவான்தார் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே உரிமையாக்க 1971ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மனை முதலில், வீடு பிறகு என்ற அந்தப் பாடத்தை மறக்கலாமா?

பழைய தொகுப்பு வீடுகளின் கதியும் இதுவே. கூரைக் காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து, மழை வந்தால் பிள்ளைகளைத் திண்ணையில் படுக்கவைக்கும் குடும்பங்கள் “வீடு பெற்றவர்கள்” பட்டியலில் இருப்பதாலேயே புது வீட்டுக்கு உரிமை இழக்கின்றன. சர்க்கார் கட்டிய பழைய கிராம வீடுகளைப் பழுதுபார்க்க மாநில சர்க்கார் 2024ல் 2,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அது ஒப்பந்தக்காரரின் பூச்சு வேலையாக முடிந்துவிடக் கூடாது.

எனவே நாம் கோருவது இது: மனையில்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் மனையும் பட்டாவும் வழங்கு! கிராம வீட்டு மானியத்தை இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்து! இடிந்துவரும் தொகுப்பு வீடுகளைக் கிராமசபை முன்னிலையில் கணக்கெடுத்துப் புதுப்பித்துக் கொடு!

கடன் வாங்க வசதியுள்ளவனுக்கு முதல் பந்தி, கூரையற்றவனுக்குக் கடைசிப் பந்தி என்ற முறை மாற வேண்டும். ஊர்தோறும் மனையற்றோர் பட்டியலைத் தயாரிப்போம். மனுக்களோடு திரண்டு தாலுகா ஆபீசுக்குச் செல்வோம். கேட்காமல் எந்தப் பட்டாவும் வந்ததில்லை.