கெர்னல் மாறினால் கருவியும் மாறட்டும்

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. டெபியனை அடித்தளமாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளின் கைக்கும் லினக்ஸ் இப்படி வந்து சேர்ந்தது. கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. லினக்ஸின் மையமான கெர்னலும், அதைக் கண்காணிக்கும் கருவிகளும் எப்போதும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகங்களும் அரசு அலுவலகங்களும் இதைப் பராமரிப்பின் முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

ஆற்றில் நட்ட அளவுகோலை எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் மணலை அள்ளிப் போட்டு ஆற்றின் தரையை மாற்றிவிட்டால், கோல் காட்டும் உயரம் சரியாகவே இருக்கும். ஆனால், உயரத்தை நீரளவாக மாற்றும் பழைய அட்டவணையை வைத்துப் போடும் நீர்வரத்துக் கணக்கு பிசகிவிடும். கெர்னலின் உள்ளே எட்டிப் பார்க்கும் கருவிகளுக்கும் இதே கதிதான். லினக்ஸைப் போன்ற ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் கெர்னல் ஒரு பதிப்பும் கருவிகள் வேறு பதிப்புமாக இருந்தால், இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளையே தடுமாறும். உபுண்டு லினக்ஸில் செயல்திறனை அளக்கும் ‘பெர்ஃப்’, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்புக்குரிய தொகுப்பைத் தேடும். அது கிடைக்காவிட்டால் எதை நிறுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நிற்பதே நல்லது. தவறான எண்ணைக் காட்டும் கருவியைவிட, காட்ட மறுக்கும் கருவி மேல்.

பழைய நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாகக் காக்கும் விதியாயிற்றே, பிறகு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். உலாவிக்கும் எழுத்துச் செயலிக்கும் அந்த விதி காவல்தான். ஆனால் வன்பொருளை இயக்க, கெர்னலுக்குள்ளேயே போய் உட்காரும் டிரைவர்களுக்கு அந்த வாக்குறுதி இல்லை. ஒரு கெர்னலுக்குக் கட்டிய டிரைவரை அடுத்த கெர்னல் ஏற்காமல் போகலாம். ‘நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்’ என்பது இன்னொரு வாதம். 2007 முதல் கெர்னலில் ஒளிந்திருந்த ‘டர்ட்டி கவ்’ என்ற ஓட்டை 2016 அக்டோபரில்தான் அடைபட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் முழு நிர்வாக உரிமையையும் கைப்பற்ற வழிவிட்ட ஓட்டை அது. அத்தனை ஆண்டுகளும் அந்தக் கணினிகள் ‘நன்றாகத்தான்’ ஓடின.

பலரும் கவனிக்காத இடம் மறுதொடக்கம். அப்டேட் செய்ததும் புதிய கெர்னல் வட்டில் வந்து உட்காரும். நினைவகத்தில் ஓடுவதோ பழையதுதான். கருவி புதிது, கெர்னல் பழையது என்ற தலைகீழ்ப் பொருத்தமின்மை அப்போது உண்டாகிறது. அப்டேட் அடைக்க வந்த ஓட்டையும் திறந்தே கிடக்கிறது. ஓடுவது எது என்பதை ‘யுநேம் -ஆர்’ என்ற ஒற்றைக் கட்டளை சொல்லிவிடும். மறுதொடக்கம் செய்தால் பணி தடைபடும் என்பார்கள். இரவில் சில நிமிடம் நிறுத்தலாம். முந்தைய கெர்னலை நீக்காமல் வைத்திருந்தால், சிக்கல் வந்தாலும் திரும்பிவிடலாம். ஆகவே, பராமரிப்பு ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை ஏற வேண்டும்: கெர்னல், கருவி, டிரைவர் மூன்றையும் சேர்த்தே புதுப்பித்து, கணினியை மறுதொடக்கம் செய்து, பதிப்பைச் சரிபார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.