தனியொருவரும் ஐவரும்

கபடி ஆடத் தொடங்குமுன் சிறுவர்கள் உத்தி பிரிப்பதை ஊர்ப் பொதுவெளிகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். தலைவர் இருவர் ஒருபுறம் நிற்பர். ஏனையோர், வலிமையில் தமக்கு நிகரான ஒருவரோடு இணை சேர்ந்து சற்றுத் தள்ளிச் சென்று, ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொண்டு திரும்புவர். ‘சூரியன் வேண்டுமா, நிலா வேண்டுமா?’ என்று கேட்பர். தலைவர் சொல்லும் விடைக்கேற்ப, இணையில் ஒருவர் இப்பக்கமும் மற்றவர் அப்பக்கமும் சேர்வர். இம்முறையின் நுட்பத்தை நாம் கவனிப்பதில்லை. நிகரான இருவர் ஒரே அணியில் அமைய இதில் வழியே இல்லை. நெருங்கிய நண்பர்கள் இருவரும் கெட்டிக்காரர்களாக இருந்து இணையாக வந்தால், அன்றைய ஆட்டத்தில் அவர்கள் எதிரெதிரே நிற்க வேண்டியதுதான்.

இன்று உங்களுள் பலர் ஆடும் இணையவழி விளையாட்டுகளில் உத்தி பிரிக்கும் பணியைக் கணினி மேற்கொள்கிறது. அணிக்கு ஐவர் என்ற முறையில் நடைபெறும் தரவரிசை ஆட்டத்திற்கு, காத்திருப்போரிலிருந்து பத்துப் பேரை அது விரைந்து தேர்ந்தெடுக்கிறது. ஒருவர் தனியாகவும் வரலாம். நண்பர்களோடு குழுவாகவும் வரலாம். குழுவாக வருவோரைக் கணினி பிரிப்பதில்லை. தனித்தனியே வந்த ஐவரும் கூடிவந்த ஐவரும் ஒரே ஏணியில் ஏறுவது முறைதானா? முறையன்று என்பதே என் கருத்து.

இவ்விளையாட்டுகளை ஆடும் பழக்கம் எனக்கில்லை. முகம் வாடி வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவரிடம் காரணம் கேட்டபோதுதான் இச்செய்தி என் காதுக்கு வந்தது. “நான் நல்லாத்தான் ஆடினேன் ஐயா. அவங்க அஞ்சு பேரும் ஒரே செட்டு” என்றார். தோற்றவர் சொல்லும் சாக்கு என்றே முதலில் எண்ணினேன். கணக்கைப் பார்த்த பின் அவ்வாறு எண்ண இயலவில்லை.

அக்கணக்கின் வேர் சதுரங்கத்தில் உள்ளது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய ஆர்பட் எலோ வகுத்த தரப்புள்ளி முறையை, அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960ஆம் ஆண்டிலும் பன்னாட்டு அமைப்பான ஃபிடே 1970ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. இருவரின் தரப்புள்ளிகள் சமமாயின் வெல்லும் வாய்ப்பும் சமம். ஒருவர் 200 புள்ளிகள் முந்தியிருந்தால், வெற்றிக்கு ஒன்றும் சமநிலைக்கு அரையுமாகக் கணக்கிடும்போது, நூறு ஆட்டங்களில் அவர் ஏறத்தாழ 76 பெறுவார் என எதிர்பார்க்கப்படும். எதிர்பார்ப்பை விஞ்சினால் தரப்புள்ளி ஏறும், எட்டாவிடில் இறங்கும். கிராண்ட்மாஸ்டர் பட்டத்திற்கு 2500 புள்ளிகளை எட்ட வேண்டும் என்பதைச் சதுரங்கம் பயிலும் மாணவர்கள் அறிவர். அந்த எண் ஒருவரின் மூளைக்கும் கைக்கும் மட்டுமே உரியது. பலகையின் முன் அவருக்குத் துணையாக எவரும் அமர்வதில்லை.

அணி விளையாட்டில் இத்தெளிவு கலங்குகிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ட்ரூஸ்கில்’ என்னும் முறை, அணியினர் ஒவ்வொருவரின் திறனையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையையே அணியின் திறனாகக் கொண்டது. எண்கள் கூட்டுவதற்கு எளியவை, மனிதர்கள் அவ்வாறல்லர். ஒருவர் முன்னே பாய்ந்தால் மற்றவர் எங்கு நிற்க வேண்டும் என்பதைப் பல நாள் கூடி ஆடிய நண்பர்கள் சொல்லாமலே அறிவர். வாய்விட்டுப் பேசவும் அவர்களுக்கு வாய்ப்புண்டு. முன்பின் அறியாத ஐவரோ, யார் எப்பணியை ஏற்பது என்பதிலேயே முட்டிக்கொள்வர். அவர்தம் மொழியே வெவ்வேறாக இருக்கலாம். 2018ஆம் ஆண்டில் வெளியான ‘ட்ரூஸ்கில் 2’, குழுவாகச் சேர்ந்து வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மாணவர் சொன்னது சாக்கன்று.

அவ்வாறாயின், குழுவுக்குச் சற்று வலிய எதிரணியைத் தந்து ஈடுசெய்துவிடலாமே என்று கேட்கலாம். வெல்லும் வாய்ப்பை அவ்வாறு சரிபாதியாக்கிவிட முடியும் என்பது உண்மையே. ஆயினும் வாய்ப்புச் சமமாவது வேறு. புள்ளியின் பொருள் சமமாவது வேறு. ஒன்றாகவே ஆடி உயர்ந்த ஐவருள் ஒருவர், நண்பர்கள் இல்லாத ஒரு மாலையில் தனியாக வருகிறார் எனக் கொள்வோம். அவர் பெயரருகே உள்ள எண், ஐவரின் இசைவால் விளைந்தது. அதை அவருடைய தனித்திறனாகக் கொண்டு கணினி அவரை அறிமுகமில்லாத நால்வரோடு சேர்க்கிறது. எண்ணுக்கும் திறனுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அந்த நால்வர்தாம் தம் தோல்வியால் நிரப்ப வேண்டும். அவர்கள் செய்த பிழைதான் என்ன? எதிரணியை மட்டும் மாற்றி அமைக்கும் ஈடு அவர்களை எட்டுவதேயில்லை.

இதற்கு நடந்த சான்றும் உண்டு. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ விளையாட்டில் 2016ஆம் ஆண்டில், ஐவர் வரையிலான குழுக்களும் தனியாக வருவோரும் ஒரே தரவரிசையில் ஆடும் முறை புகுத்தப்பட்டது. தம் தனித்திறனை அளக்கும் ஏணி பறிபோனது என ஆட்டக்காரர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2017ஆம் ஆண்டின் தரவரிசைப் பருவத்தில், தனியாகவோ இருவராகவோ வருவோருக்கு ஓர் ஏணியும் குழுக்களுக்கு மற்றோர் ஏணியும் எனப் பிரிக்கப்பட்டன.

குழுவாக ஆடுவதை நான் குறைகூறவில்லை. கூடி ஆடுவதும் ஒரு திறனே. பள்ளி முடிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்துபோன நண்பர்களை இரவில் ஒரு மணிநேரம் சேர்த்துவைக்கும் விளையாட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அத்திறனுக்குரிய புள்ளியை அதற்கென அமைந்த ஏணியில் வழங்கலாம் என்பதே என் வாதம். ஏணிகள் இரண்டானால் ஒவ்வொன்றிலும் ஆடுவோர் தொகை குறையும். காத்திருக்கும் நேரம் நீளும். நள்ளிரவிலும் தரவரிசையின் உச்சியிலும் இது பெருந்தொல்லையே. தரவரிசையில்லாப் பொழுதுபோக்கு ஆட்டங்களில் எல்லாரையும் கலந்துவிடலாம். அங்கு எவரும் எதையும் இழப்பதில்லை. புள்ளி ஏறி இறங்கும் இடத்தில் காத்திருப்பதே தகும்.

‘வேலரன்ட்’ விளையாட்டின் ஒரு விதி என்னை வியக்க வைத்தது. அதன் தரவரிசை ஆட்டத்தில் மூவர் வரை சேர்ந்து வரலாம், ஐவராகவும் வரலாம், நால்வராக வர இடமில்லை. நால்வர் நண்பர்களாயின் ஐந்தாமவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தோல்விக்குக் காரணம் தேடும் நான்கு விரல்களும் அவரையே சுட்டும். இத்தனிமை எந்தக் கூட்டுத்தொகையிலும் தென்படாது. விதியை வகுத்தவர்கள் அதனைக் கண்டிருக்கிறார்கள்.

இருவராக வருவோரை எங்கே சேர்ப்பது என்பதுதான் கடினமான வினா. இருவரும் ஒரு சிறு குழுவே. அவர்களைத் தனியாளர் ஏணியிலிருந்து விலக்கினால், ஐவரைத் திரட்ட முடியாத அவர்களுக்குப் போக்கிடமில்லை. ஆகவே அவர்களை அனுமதிக்கலாம். ஓர் அணியில் அத்தகைய இணை இருந்தால் எதிரணியிலும் ஓர் இணை அமையும்வரை ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. யார் யார் சேர்ந்து வந்துள்ளனர் என்பதைத் தொடக்கத்திலேயே பத்துப் பேருக்கும் திரையில் காட்டிவிட வேண்டும். உத்தி பிரிக்கும்போது யாரோடு யார் சேர்ந்து வந்தார் என்பதை ஆட வந்தவர் எல்லாரும் தம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டுதான் நின்றனர்.