எண் சரி. அது என்ன வகை எண்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஐ.சி.ரி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், கடலுக்குப் போகும் சகோதரர்களும் பொறுமையாக வாசித்தால் சந்தோசம்.

முதலில் நம்மூர்க் கணக்கு ஒன்று. ஒரு ஜி.பி.எஸ் கருவி நம் இடத்தை 9 40.5 என்று காட்டுகிறது. அதாவது 9 பாகை 40.5 நிமிடம் வடக்கு. அதை ஒருவர் துண்டில் 9.405 என்று எழுதி, தசமப் பாகையில் ஓடும் இன்னொரு கருவியில் போடுகிறார். இலக்கங்கள் எல்லாம் அதேதான். ஆனால் 40.5 நிமிடத்தை 60ஆல் பிரித்தால் 0.675. உண்மையான இடம் 9.675 பாகை. வித்தியாசம் 0.27 பாகை, அதாவது ஏறக்குறைய 16 கடல் மைல், 30 கிலோமீட்டர். எல்லைக்கோடு இருக்கும் கடலில் 30 கிலோமீட்டர் என்றால் என்ன என்று குருநகர் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே இலக்கம் பிழைக்கவில்லை. அது எந்த வகை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்: வகை தெரியாத எண் அரைவாசி எண்தான்.

பாடசாலை அலுவலகத்திலும் இதே கதை. 077 என்று தொடங்கும் போன் இலக்கத்தை எக்செலில் அடித்தால் முன்னால் இருக்கும் சைபர் காணாமல் போகும். 12 இலக்க அடையாள அட்டை எண்ணை அடித்தால் நடுவில் ஈ எழுத்தோடு ஏதோ ஒரு எண் தெரியும். எக்செல் கெட்டுப்போகவில்லை. அது எழுத்துத் தொடர் என்று நாம் சொல்லவில்லை, அது எண் என்று எடுத்துக்கொண்டது.

கொம்பியூட்டருக்குள் இது இன்னும் கடுமை. அங்கே இருப்பது வெறும் 0, 1 வரிசை. ஒரு 32 பிட் வரிசையை எடுப்போம். மிதக்கும் புள்ளி எண்ணாக, அதாவது தசமப் புள்ளி இடம் மாறக்கூடிய எண்ணாக வாசித்தால் அது 1.0. அதே வரிசையை நிறைவெண்ணாக வாசித்தால் 1,065,353,216. ஒரு பிட்கூட மாறவில்லை. ஒன்று, நூறு கோடிக்கு மேல் போய்விட்டது.

1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் வானத்தில் சிதறியது. 64 பிட் மிதக்கும் புள்ளி எண் ஒன்றை 16 பிட் நிறைவெண்ணாக மாற்றப் போனதில் தொடங்கிய கோளாறு அது. ஏரியன் 4இல் ஒழுங்காக வேலை செய்த நிரலைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். 16 பிட்டில் ஆகக்கூடியது 32,767. இரண்டின் நிரப்பி படித்த நம் ஏ.எல் பிள்ளை இதை நித்திரையிலும் சொல்லும். ஆனால் அந்த 32,767க்காக ஒரு ரொக்கெட் விழுந்தது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?

இனி பலருக்குத் தெரியாத ஒரு கதை. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்ட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதற்குள் சின்ன நிரல்களைப் பாதுகாப்பாக ஏற்றி, உள்ளே நடப்பதைக் கவனிக்க ஒரு வழி உண்டு. பி.பி.எஃப் என்பார்கள். எந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றது என்று போன் கணக்கு வைப்பதற்கும் இது உதவுகிறது. அப்படி ஏறும் நிரலுக்கு ஒரு விவரக் கொப்பி வேண்டும்: இந்த இடத்தில் 4 பைட் நிறைவெண், அடுத்ததில் ஒரு முகவரி, அதற்கடுத்ததில் ஒரு வரிசை என்று. அந்தக் கொப்பிதான் பி.ரி.எஃப். 2018இல் லினக்ஸ் 4.18உடன் வந்தது.

அந்தக் கொப்பியில் மிதக்கும் புள்ளி எண்ணுக்கு ஒரு பெயரே இருக்கவில்லை. காரணமும் நியாயமானது. கெர்னல் பொதுவாக அந்த வகை எண்ணில் கணக்குச் செய்வதில்லை. பி.பி.எஃப் கட்டளைகளிலும் அந்தக் கணக்கு இல்லை. பாவிக்காத சாமானுக்குப் பெயர் எதற்கு?

ஆனால் ஐ.பி.எம்மின் பெரிய கணினிகளுக்கான லினக்ஸில், பதிவகங்களை விவரிக்கும் கோப்புகளுக்குள் அந்த வகை எண்கள் இருந்தன. யாரும் கூட்டவில்லை, பெருக்கவில்லை, சும்மா இருந்தன. அதற்கே பெயர் இல்லாததால், அங்கே தயாரித்த சில நிரல்களைக் கெர்னல் ஏற்க மறுத்தது. ஐ.பி.எம்மில் பணிபுரிந்த இல்யா லியோஷ்கெவிச் என்பவர் இதைத் திருத்தினார். 2021இல் லினக்ஸ் 5.13உடன் 16ஆவது வகையாக மிதக்கும் புள்ளி எண் கொப்பியில் ஏறியது. பதிவில் இருப்பது பெயரும் அளவும் மட்டும்: 2, 4, 8, 12 அல்லது 16 பைட்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பழைய கெர்னலுக்கு இந்தப் புது வகை விளங்காது. ஆகவே நிரலை ஏற்றும் நூலகம், அந்த இடத்தில் அதே அளவுள்ள, பெயரில்லாத, வெற்று அமைப்பு ஒன்றை வைத்துவிடும். தெரியாததை நிறைவெண் என்று பொய் சொல்வதில்லை. இவ்வளவு இடம் இருக்கிறது, உள்ளே என்னவென்று உனக்குச் சொல்ல முடியாது என்கிறது. இது நேர்மை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு ஐ.சி.ரி என்பது மனனப் பாடமாகிப் போய்விட்டது. நிறைவெண், மெய்யெண், எழுத்துத் தொடர் என்று வகைகளின் பட்டியலை ஒப்புவிக்கிறார்கள். ஒரு போன் இலக்கம் எந்த வகை, ஒரு விலை எந்த வகை, ஏன் என்று கேட்டால் மௌனம். பைதனில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அதைப் பார்த்த பிள்ளை கொம்பியூட்டர் பழுது என்கிறது. பத்தில் ஒன்றை இரண்டின் அடியில் முடிவாக எழுத முடியாது என்பதைச் சொல்லிக்கொடுக்கக் கரும்பலகையில் 15 நிமிடம் போதும்.

“சோதினையில் வராததைப் படிப்பித்து என்ன பலன்” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். புள்ளிக் கவலை எனக்கும் விளங்குகிறது. ஆனால் கெர்னல்காரர் நினைத்ததும் இதேதானே: நாங்கள் பாவிப்பதில்லை, தேவையில்லை. பாவிக்காவிட்டாலும் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளை வங்கியில் இருப்பார், ஒருவர் ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவைப் பதிவார், ஒருவர் வாப்பாவின் வள்ளத்தில் ஜி.பி.எஸ் பார்ப்பார். அங்கே வினாத்தாள் வராது, எண் வரும்.

என்னுடைய வேண்டுகோள் சின்னது. ரியூசனுக்குக் காசு கட்டும்போது எத்தனை பாஸ்ட் பேப்பர் செய்தீர்கள் என்று மட்டும் கேட்காமல், செய்த ஒரு கணக்கை விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள், எண்ணைப் பலகையில் எழுதும் ஒவ்வொரு தடவையும் அதன் வகையையும் அலகையும் பக்கத்தில் எழுதுவோம். கடலுக்குப் போகிறவர்கள் இடத்தைக் குறிக்கும்போது பாகையா, நிமிடமா, தசமமா என்று சேர்த்து எழுதுங்கள், வயர்லஸில் சொல்லும்போதும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதில் மாற்றுக்கருத்து உள்ள ஆசிரியர்கள் தயங்காமல் கீழே எழுதுங்கள், கதைப்போம். பிரயோசனம் என்று நினைத்தால் உங்கள் பிள்ளைகளின் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.