மின்னலுக்கு எதற்கு மாலை?

ரே பிராட்பரியின் ‘சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்’ நாவலில் (1962) தீமை ஒரு சிரிப்புக்குத் தோற்பது சிறுபிள்ளைத்தனம், 1983 படத்தில் புயலும் மின்னலும் அதை ஒழிப்பதுதான் நம்பும்படி இருக்கிறது என்கிறார்கள்.

ஒன்று. கதையில் தீமையாக ஊருக்கு வரும் அந்தக் கார்னிவல் எதைத் தின்று வாழ்கிறது? மனிதரின் ஏக்கத்தை, அச்சத்தை. சார்லஸ் ஹாலோவேக்கு 54 வயது, நூலகத்தில் துப்புரவு வேலை. 13 வயது மகனுக்குக் கிழட்டு அப்பனாகிவிட்டோமே என்ற குமைச்சல் வேறு. கார்னிவலின் சூனியக்காரி அவர் இதயத்தை நிறுத்தப் பார்க்கிறாள். சாகும் தறுவாயில் கண் திறந்தவருக்கு அவள் கோமாளியாகத் தெரிகிறாள், சிரிப்பு பீறிடுகிறது. பயம் போன இடத்தில் அவளுக்கு என்ன வேலை?

இரண்டு. அது சும்மா வந்த சிரிப்பா? கார்னிவலின் தலைவன் டார்க் நொறுக்கிய கையோடு, மகன் துணை நிற்க, அந்தச் சூனியக்காரியைக் குறிவைத்துத் துப்பாக்கி பிடிக்கிறார். மெழுகுத் தோட்டாவில் கீறியதைப் பிறை என்கிறார். உண்மையில் அது அவருடைய புன்னகை.

மூன்று. படத்தின் திரைக்கதையில் பிராட்பரியின் பெயர்தான் இருக்கிறது, இருக்கட்டும். மின்னலுக்கு ஹாலோவே யார், டார்க் யார்? வானிலை செய்த வேலைக்கு நன்மையின் கணக்கில் வரவு வைப்பதா? நாவலில் சிறுவனாக மாறி வந்த டார்க்கை அவர் அடிக்கவில்லை, இறுக அணைக்கிறார். அந்த அணைப்பில்தான் டார்க் சாகிறான். இதில் எது சிறுபிள்ளைத்தனம்?